நிலமே வாக்காக: கலிபோர்னியாவின் துலேரி ஏரிப்படுகை பற்றிய மூன்று நூல்களும் ஒரு தீர்ப்பும்

முன்னுரை

நீரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் நீரைத் தேக்கியவரைப் பற்றி எழுதி முடிக்கின்றனர். தமிழ் மரபு இதற்கு விலக்கன்று. கல்லணை என்றதும் கரிகாலன் முன் நிற்கிறான். வீராணம் என்றதும் பராந்தகனின் விருதுப்பெயர் வந்துவிடுகிறது. புறநானூற்றின் 18ஆம் பாடலில் நீர்நிலைகளைப் பெருக்குமாறு குடபுலவியனார் அறிவுறுத்துவது பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கித்தான். அறிவுரை உயர்ந்தது, ஆயினும் அதைக் கேட்கும் செவி அரசனுடையது. கரைக்கு மண் சுமந்தவர், இரவில் மடை திறந்தவர், கடைமடையில் முறை வராமற் காத்திருந்தவர் ஆகியோர் நம் இலக்கிய வரலாறுகளின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை இன்னொரு வறண்ட நிலத்துக்கு எடுத்துச் செல்கிறது. கலிபோர்னிய நடுப்பள்ளத்தாக்கின் தென்பகுதியில், சியரா நெவாதா மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் ஒருகாலத்தில் கூடித் தேங்கிய துலேரி ஏரிப்படுகையே அந்நிலம். அங்கு நீருரிமை எவ்வாறு சிலர் கையில் திரண்டது என்பதைப் பேசும் எழுத்துகள் ஆங்கிலத்தில் ஒரு தனி நூலகமாகவே பெருகியுள்ளன. அவற்றுள் மூன்று நூல்களும், இலக்கியமாகப் படிக்கப்படாத நான்காவது பனுவலான ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வால்டர் கோல்ட்ஸ்மிட் எழுதிய 'ஆஸ் யூ சோ' (1947), டொனால்ட் வொர்ஸ்டர் எழுதிய 'ரிவர்ஸ் ஆஃப் எம்பயர்' (1985), மார்க் அராக்ஸ், ரிக் வார்ட்ஸ்மன் இருவரும் எழுதிய 'தி கிங் ஆஃப் கலிபோர்னியா' (2003) என்பன அந்நூல்கள். நிலமில்லாதவரை இவை எவ்வாறு காண்கின்றன என்பதே என் வினா. கலிபோர்னியாவில் வாழும் தமிழர் பலருக்கு இப்பள்ளத்தாக்கு சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே சன்னல் வழியே கடந்து போகும் ஐந்து மணி நேரம் மட்டுமே. நானும் நெடுங்காலம் அப்படித்தான் கடந்தேன்.

கோரைப் பற்று

'தூலே' என்பது அந்நீர்நிலையில் மண்டிக் கிடந்த கோரையின் பெயர். ஏரியின் பெயரும் அதிலிருந்து வந்தது; நம் வழக்கில் சொன்னால் கோரைப் பற்று. கிங்ஸ், கவீயா, தூல், கெர்ன் ஆகிய நான்கு ஆறுகளின் நீர் அங்கே வந்து சேர்ந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரப்பளவில் மிகப் பெரிய நன்னீர் ஏரியாக அது இருந்தது. கரைகளில் வாழ்ந்த டாச்சி யோகட் மக்கள் அதனைப் பாஆஷி என்றழைத்தனர். இன்றும் அவ்வாறே அழைக்கின்றனர். ஆண்டு மழை 200 மி.மீ. அளவைக்கூட எட்டாத நிலத்தில், மலைப்பனி உருகிய நீரால் மட்டுமே வாழ்ந்த ஏரி அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆறுகள் வாய்க்கால்களாகத் திருப்பப்பட்டன. நூற்றாண்டு முடிவதற்குள் ஏரி பெரும்பாலும் வடிந்துவிட்டது. வண்டல் படிந்த ஏரித்தரை முதலில் கோதுமை வயலாயிற்று. பின்னர் பருத்திக் காடாயிற்று.

இதற்கான சட்ட அடித்தளம் இரண்டு முரணான கொள்கைகளின் மேல் நிற்கிறது. ஆற்றங்கரையில் நிலம் உடையவர்க்கு நீரும் உண்டு என்பது ஒன்று. முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தியவர்க்கே முதலுரிமை என்பது மற்றொன்று. கெர்ன் ஆற்று நீருக்காக மூண்ட லக்ஸ் எதிர் ஹாகின் வழக்கில் (1886) கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றது. கரையிலும் நிலமின்றி, முதலில் எடுக்க முதலும் இன்றி இருந்தவர் இரண்டு கணக்கிலும் சேரவில்லை. யோகட் மக்கள் எல்லோருக்கும் முன்னரே அந்நீரைப் பயன்படுத்தியவர்கள். ஆனால் அவர்கள் அதை 'எடுக்கவில்லை'. நீரை அதன் இடத்திலேயே விட்டு வாழ்ந்ததால் உரிமை இழந்தார்கள் என்பதை இச்சட்டத்தின் மொழியே சொல்லிவிடுகிறது.

தமிழில் இதனை மொழிபெயர்க்கும்போது 'நீருரிமை' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகிறோம். நம் ஏரிப்பாசனத்தின் வழக்குச் சொல் 'முறை'. இன்று உனக்கு, நாளை அவனுக்கு என்பது முறை. முறை என்னும் சொல் காலத்தைப் பங்கிடுகிறது. உரிமை என்பது பொருளைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் முறை இருந்ததாலேயே நம் ஏரிகளில் நீதி இருந்தது என்று கொள்வது பிழை. யாருக்கு எத்தனை நாழிகை முறை என்பதை முடிவு செய்தவர் யார் என்ற கேள்வி அங்கேயும் எழும். அதைப் பின்னர்க் காண்போம்.

எண்ணிக் காட்டிய ஆய்வாளர்

கோல்ட்ஸ்மிட் ஒரு மானிடவியலாளர். கூட்டரசின் பாசனத் திட்டங்களிலிருந்து நீர் பெறுவோர்க்கு 1902ஆம் ஆண்டின் மீட்புச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருந்தது: ஒருவர்க்கு 160 ஏக்கருக்கு மட்டுமே நீர். நடுப்பள்ளத்தாக்கில் அவ்வெல்லையைக் கைவிடலாமா என்ற விவாதம் சூடேறியிருந்த 1944இல், அரசின் வேளாண் பொருளியல் பணியகத்துக்காக அவர் இரண்டு ஊர்களை ஆராய்ந்தார். பெரும்பண்ணைகள் சூழ்ந்தது ஆர்வின். சிறுபண்ணைகள் சூழ்ந்தது டினுபா. இரண்டிலும் விளைபொருளின் மொத்த மதிப்பு ஏறக்குறைய ஒன்றே. அவ்வாய்வு 1946இல் மேலவைக் குழுவொன்றின் அறிக்கையாக அச்சேறியது. 1947இல் வந்த 'ஆஸ் யூ சோ' வாஸ்கோ என்ற ஊரில் அவர் செய்த களப்பணியை மையமாகக் கொண்டது. இரண்டும் 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒன்றாக்கப்பட்டன. எனவே இவற்றை ஒரே பனுவலாகப் படிப்பதில் தவறில்லை.

அவருடைய முறை எண்ணுவது. டினுபாவில் 62 வணிக நிலையங்கள், ஆர்வினில் 35. டினுபாவில் தொடக்கப்பள்ளிகள் நான்கு, உயர்நிலைப்பள்ளி ஒன்று. ஆர்வினில் தொடக்கப்பள்ளி ஒன்றே, உயர்நிலைப்பள்ளி இல்லை. அங்கே செய்தித்தாள் இரண்டு, இங்கே ஒன்று. டினுபா தன்னாட்சி பெற்ற நகர். ஆர்வினின் செய்திகளை மாவட்ட அலுவலர்களே முடிவு செய்தனர். உழைத்துச் சம்பாதிப்போரில் பண்ணைக் கூலிகள் டினுபாவில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆர்வினில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு.

இக்கணக்கெடுப்பு எளியதாகத் தோன்றினாலும் அதன் துணிவு பெரிது. அதுவரை நீர்த்திட்டங்களைப் பற்றிய எழுத்து ஏக்கரையும் டன்னையும் டாலரையும் எண்ணியது. கோல்ட்ஸ்மிட் விளையாட்டுத் திடலையும் மன்றக் கூட்டத்தையும் எண்ணினார். ஒரு பாசனத் திட்டம் வெற்றியா தோல்வியா என்பதை வயலில் தேடாமல் தெருவில் தேடியவர் அவர். பண்ணை முதலாளிகளின் எதிர்ப்பால், பல ஊர்களுக்கு விரிவதாக இருந்த அவருடைய இரண்டாம் கட்ட ஆய்வு நிறுத்தப்பட்டது. எண்ணிக்கைக்கு அஞ்சியவர் யார் என்பதை இது காட்டும்.

பின்வந்தோர் இவ்வாய்வைக் குறை கூறினர். ஹேஸ், ஓம்ஸ்டெட் என்னும் பொருளியலாளர் இருவர் 1984இல், இவ்விரு ஊர்களும் ஒப்பிடத்தக்க இணைகள் அல்ல என்று வாதிட்டனர். டினுபா மூத்த ஊர். ஆர்வின் இளைய ஊர், பேக்கர்ஸ்பீல்டு நகரின் நிழலில் இருப்பது. எனவே வேறுபாடு முழுவதையும் பண்ணையின் அளவின்மேல் ஏற்றலாகாது என்பது அவர்கள் கருத்து. இது நியாயமான தடை. இரண்டே ஊர்களை வைத்துக் காரண காரியம் நாட்டுவது கடினம். ஆனால் கோல்ட்ஸ்மிட்டின் உண்மையான குறைபாடு வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். அவர் காணும் நற்சமூகம் சிறுநில உடைமையாளரின் சமூகம். கூலிகள் மிகுந்தால் ஊர் நலிகிறது என்று அவர் எழுதும்போது, கூலிகள் ஊரின் நோய்க்குறியாகத் தோன்றுகின்றனரேயன்றி ஊராராகத் தோன்றவில்லை. டினுபாவிலும் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிய கூலிகள் இருந்தனர். அவர்கள் அந்த மன்றக் கூட்டங்களுக்குச் சென்றார்களா என்பதை அந்த 62 என்னும் எண் சொல்லாது.

நூலின் தலைப்பு விவிலியத் தொடரின் பாதி. அதைப் படிக்கும் தமிழர் காதில் 'தினை விதைத்தவன் தினை அறுப்பான்' என்ற பழமொழி ஒலிக்கும். அப்பள்ளத்தாக்கில் விதைத்தவனும் அறுத்தவனும் ஒருவனாக இருந்ததே இல்லை என்பதுதான் நூலின் பொருள். தலைப்பே நூலுக்கு எதிர்வாதம் ஆகிவிட்ட விந்தை இது.

கீழை வல்லாட்சி என்ற கடன்

வொர்ஸ்டரின் 'ரிவர்ஸ் ஆஃப் எம்பயர்' மூன்றனுள் அறிவார்ந்த பேராசை மிக்கது. ஃப்ரையன்ட்–கெர்ன் கால்வாயின் கரையில் நின்று நூல் தொடங்குகிறது. சிமெண்ட் பூசிய நேர்கோடு, உயிரற்ற நீர், உள்ளே நுழையாதே என்னும் வேலி. மேற்கே நடந்தால் விடுதலை என்று நம்பிய தோரோவின் நாட்டில், மேற்கின் முடிவில் இந்த வேலி நிற்பது ஏன் என்று அவர் கேட்கிறார். விடைக்காக அவர் திரும்புவது கார்ல் விட்ஃபோகலின் பக்கம்.

விட்ஃபோகல் ஜெர்மானியர்; நாஜிகளின் சிறையிலிருந்து மீண்டு அமெரிக்காவுக்கு வந்தவர். 1957இல் வெளியிட்ட 'ஓரியண்டல் டெஸ்பாட்டிசம்' நூலில், பெரும் பாசனப் பணிகள் பெரும் நிர்வாகத்தை வேண்டின, அந்நிர்வாகமே முழு வல்லாட்சியாக இறுகியது என்று கூறினார். சீனம், இந்தியா, எகிப்து முதலியன அவருக்கு எடுத்துக்காட்டுகள். அவர் இதனைச் சோவியத் ஆட்சிக்கு எதிரான படைக்கலமாகவே வடித்தார். வொர்ஸ்டர் அதே கருவியை அமெரிக்கா மீது திருப்புகிறார். நீராட்சியை உள்ளூர்ப் பிழைப்பு முறை, உழவரசு முறை, முதலாளிய அரசு முறை என்று மூன்றாக வகுத்து, கலிபோர்னியா மூன்றாவதன் முதிர்ந்த வடிவம் என்கிறார். அங்கே பெருநில உடைமையும் அரசுப் பொறியாளர் குழாமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கீழை நாடுகளைச் சுட்ட நீட்டிய விரல் அமெரிக்காவையே திரும்பிச் சுட்டும் இத்திருப்பம் நூலின் வலிமை. முதன்முதலாக இதைப் படிக்கும் ஆசிய வாசகர் மெல்ல நகைத்திருப்பார்.

ஆனால் கடன் வாங்கிய கருவியின் பழுதும் உடன் வந்துவிட்டது. விட்ஃபோகலின் கருத்தை இலங்கையின் வறண்ட வலயத்தில் வைத்துச் சோதித்தவர் எட்மண்ட் லீச். 1959இல் வெளிவந்த 'ஹைட்ராலிக் சொசைட்டி இன் சிலோன்' என்ற கட்டுரையில், அங்குள்ள பெருங்குளங்களும் கால்வாய்களும் பல நூற்றாண்டுகளில் திட்டமின்றிச் சிறுகச்சிறுகச் சேர்ந்தவை, ஊர்க்குளங்களை ஊராரே பேணினர், நடுவண் அதிகாரம் சிதைந்த பின்னரும் அவை இயங்கின என்று அவர் காட்டினார். பாசனம் பெரிதாக இருந்தால் வல்லாட்சியும் இருந்தே தீரும் என்ற விதி அங்கே நிற்கவில்லை.

இதே தடை துலேரி ஏரிக்கும் பொருந்தும் என்பது என் துணிபு. ஏரியை வடித்தது அரசன்று. தனியாரும் அவர்களின் வாய்க்கால் நிறுமங்களும் உள்ளூர் மீட்பு வட்டங்களுமே வடித்தன. கிங்ஸ் ஆற்றின் குறுக்கே படைப் பொறியாளர் துறை பைன் ஃபிளாட் அணையை முடித்தது 1954இல்; அதற்குள் உடைமை இறுகிவிட்டது. அரசு பின்னர் வந்து வெள்ளத்தைத் தடுத்து, உள்ள உடைமைக்குக் காப்பளித்தது. 160 ஏக்கர் எல்லை இவ்வணையின் நீருக்கும் உண்டென்று 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1982ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பிற திட்டங்களில் எல்லையை 960 ஏக்கராக உயர்த்தி, படைத்துறை அணைகளைப் பொதுவாக விலக்கியே விட்டது. பொறியியல் அதிகாரத்தைப் பெற்றது என்பதைவிட, அதிகாரம் பொறியியலை வரவழைத்தது என்பதே இங்குப் பொருந்தும். வொர்ஸ்டரின் மூன்றாம் வகைக்கு இது தெரியாததன்று. ஆயினும் ‘பேரரசு’ என்ற உருவகம் நூல் முழுவதையும் ஆள்வதால், சிறு வட்டங்களின் கூட்ட அறைகளில் நடந்தவை மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மங்கலாகின்றன. கூலிகள் நூலில் உண்டு. பெரும்பாலும் சான்றாக உண்டு, குரலாக இல்லை.

கலிபோர்னியாவுக்கும் நம் பாசன நிலங்களுக்கும் இடையிலான தொடர்பு வெறும் கருத்தளவில் நின்றதன்று. 1873இல் அமெரிக்க அரசு அமைத்த பாசனக் குழுவின் உறுப்பினருள் ஒருவரான ஜார்ஜ் டேவிட்சன், இந்தியா, எகிப்து, இத்தாலி ஆகியவற்றின் பாசனங்களை நேரில் கண்டு எழுதிய அறிக்கை 1875இல் வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவின் கால்வாய்கள் அந்நாளைய கலிபோர்னியர்க்கு முன்மாதிரி. ஆசியாவிலிருந்து வல்லாட்சி வந்ததா என்று கேட்பதைவிட, பேரரசின் பொறியியல் எவ்வழியே பயணம் செய்தது என்று கேட்டிருந்தால் வொர்ஸ்டரின் நூல் இன்னும் கூர்மை பெற்றிருக்கும்.

அரசனின் வாழ்க்கை வரலாறு

'தி கிங் ஆஃப் கலிபோர்னியா' இரு செய்தியாளர்களின் நூல். ஜார்ஜியாவிலிருந்து வந்த பாஸ்வெல் குடும்பம் ஏரித்தரையில் ஒரு இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பருத்திப் பேரரசை எழுப்பிய கதை. குடும்பத் தலைவர் கர்னல் பாஸ்வெல் 1952இல் மறைந்தபின் நிறுமத்தை ஏற்ற அவருடைய உறவினர் மகன், இரண்டாம் ஜே. ஜி. பாஸ்வெல், நூலின் நாயகர். வெளியுலகுக்குப் பேசாதவர் என்று பெயர் பெற்ற அவரைப் பேசவைத்தது நூலாசிரியர்களின் சாதனை. மூன்று நூல்களுள் இதுவே படிக்கச் சுவையானது. அச்சுவையில் ஓர் இடரும் உண்டு. வாழ்க்கை வரலாறு என்ற வடிவத்தில் நிலக்குவிப்பு ஒருவரின் பிடிவாதமாகவும், நீர்வழக்கு ஒருவரின் சாமர்த்தியமாகவும் மாறிவிடுகிறது. கரிகாலன் மேல் நாம் கட்டிய கதைகளின் இயல்பும் இதுதானே.

ஆனால் இந்நூலாசிரியர்கள் தம் வடிவத்தைத் தாமே அடிக்கடி உடைக்கின்றனர். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து அதே பருத்தியைத் தேடி வந்து, ஏரிப்படுகையின் ஓரத்தில் காரமண்ணில் குடிசை கட்டிய கறுப்பின உழவர்களை அவர்கள் தேடிச் சென்றது நூலின் மிகச் சிறந்த பகுதி. 1933ஆம் ஆண்டுப் பருத்திப் பறிப்போர் வேலைநிறுத்தமும் அவர்களுக்கு வெறும் பின்னணியன்று. ஏறத்தாழ 18,000 தொழிலாளர், பெரும்பாலோர் மெக்சிகோவினர், நூறு பவுண்டுப் பறிப்புக்கு ஒரு டாலர் கேட்டனர். பண்ணையார் தர முன்வந்தது 60 சென்ட். கார்கரன் நகரின் ஓரத்தில் கூடாரமடித்து வாழ்ந்தனர். பிக்ஸ்லியிலும் ஆர்வினிலும் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். முடிவில் கிடைத்தது 75 சென்ட். இந்த 15 சென்ட்டின் கணக்கு எந்த நீர்வட்டத்தின் ஏட்டிலும் இராது. நீரைப் பற்றிய நூலில் அதற்கு இடம் கொடுத்தது, நீருரிமை என்பது வாய்க்காலோடு முடியவில்லை என்பதை ஆசிரியர்கள் உணர்ந்திருந்ததற்குச் சான்று.

தீர்ப்பைப் பனுவலாகப் படித்தல்

நான்காவது பனுவல் சால்யர் நில நிறுமம் எதிர் துலேரி ஏரிப்படுகை நீர்த்தேக்க வட்டம் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 மார்ச்சில் அளித்த தீர்ப்பு. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,93,000 ஏக்கர். அதன் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு நில உடைமையாளர்க்கு மட்டுமே. அதுவும் நிலத்தின் மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் ஒரு வாக்கு. குடியிருப்போர்க்கு வாக்கில்லை, குத்தகைக்கு உழுவோர்க்கும் இல்லை. நிறுமத்துக்கு உண்டு. 80 ஏக்கர் வரை நிலமுள்ளோர் 189 பேர். அவர்கள் அனைவரின் நிலமும் சேர்ந்து 2.34 விழுக்காடு. நான்கு நிறுமங்கள் உழுதது ஏறத்தாழ 85 விழுக்காடு. பாஸ்வெல் நிறுமத்துக்கு மட்டும் ஏறத்தாழ 38,000 வாக்குகள்.

நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இதனைச் செல்லும் என்றது. வட்டத்தின் நோக்கம் குறுகியது, செலவை நில உடைமையாளரே ஏற்கின்றனர், எனவே பயனும் சுமையும் அவர்களையே சாரும் என்பது தர்க்கம். உரைநடை தெளிவானது, கணக்காளரின் கைநேர்த்தி கொண்டது. அதன் முழு எடையும் ஒரு கருத்தின் மேல் நிற்கிறது: வட்டத்தின் செயல் பிறரைவிட நில உடைமையாளரையே பெரிதும் 'பாதிக்கிறது' என்பது. நிலத்துக்கு வரும் பாதிப்பு அங்கே அளவையாகிறது. உடம்புக்கு வரும் பாதிப்பு அளவைக்கு வெளியே நிற்கிறது.

நீதிபதி டக்ளஸின் மறுப்புரையில் பிரென்னன், மார்ஷல் இருவரும் இணைந்தனர். டக்ளஸ் 1969 வெள்ளத்தைச் சொல்கிறார். வெள்ளநீரைப் பியூனா விஸ்டா ஏரித்தரைக்குத் திருப்பிவிட வழியிருந்தும் இயக்குநர் குழு அதனை ஒத்திவைத்தது. அங்கே பாஸ்வெல் நிறுமத்துக்குக் குத்தகை நிலம் இருந்தது. துலேரி படுகையில் நீர் ஏறியது. வட்டத்தின் குடியிருப்பாளர் ஒருவரின் வீடு வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்குப் பல அடி கீழே இருந்ததையும் அவர் குறிக்கிறார். பெரும்பான்மைத் தீர்ப்பு ஏக்கரில் பேசும்போது டக்ளஸ் வீட்டு வாசலில் நிற்கிறார். வாதத்தில் தோற்ற இவ்வுரையே, என் பார்வையில், அப்படுகையைப் பற்றி எழுதப்பட்ட நீர் இலக்கியத்தின் உச்சம்.

ஒரு முரண்நகையையும் மறைக்கலாகாது. வழக்கைத் தொடுத்த சால்யரும் ஏழை உழவரல்லர். அப்படுகையின் இன்னொரு பெரும்பண்ணைக் குடும்பம். நிலமற்றோரின் வாக்குரிமை ஒரு பெருநில உடைமையாளரின் பெயரில்தான் நீதிமன்றம் ஏற முடிந்தது.

இவ்விடத்தில் உத்திரமேரூரை நினையாமல் இருக்க இயலவில்லை. புலம்பெயர்ந்த தமிழரின் மேடைகளில் குடவோலை முறை மக்களாட்சியின் தொன்மைச் சான்றாக முழங்கப்படுகிறது. பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறுவன யாவை? முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலை எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளிருப்பதை அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியத்துக்கு அறுவர் தெரிவு செய்யப்பட்டனர். ஓலையில் பெயர் எழுதப்பெறக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். அது பிராமணச் சபை. ஏரித் தூர் வாரியவர் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. துலேரியின் சட்டமும் உத்திரமேரூரின் சட்டமும் வாசலில் ஒன்றே: நிலம் இருந்தால் உள்ளே வா.

வாசலுக்கு உள்ளே இரண்டும் பிரிகின்றன. உத்திரமேரூரில் உள்ளே வந்தவர் அனைவரின் ஓலையும் ஒரே எடை. துலேரியில் ஓலை ஒவ்வொன்றும் நிலத்தின் விலைக்கேற்பக் கனக்கிறது. அங்கே கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வர இயலாது. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் விலக்கப்படுவான். இங்கே அதே நிறுமம் ஆண்டுதோறும் பெரும்பான்மை. சோழர் காலச் சபையைப் போற்றுவோர் இந்த இரண்டாம் வேறுபாட்டையும், பழிப்போர் முதல் ஒற்றுமையையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு நம் ஆய்வுலகுக்கு வேண்டும். சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களைப் பற்றி டேவிட் மோஸ் எழுதிய 'தி ரூல் ஆஃப் வாட்டர்' இதற்கு வழிகாட்டுகிறது. பாஸ்வெல் நூல் வந்த அதே 2003இல் வெளிவந்தது. கண்மாயை ஊர் ஒற்றுமையின் சின்னமாகக் காணாமல், அரசும் சாதியும் மரியாதைகளும் பின்னிய அரசியல் நிறுவனமாக மோஸ் காண்கிறார். நீரைப் பாய்ச்சிய நீர்க்கட்டி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீர் யாருடையது என்ற பேச்சில் அவர் இடம் வேறு.

மீண்ட நீர்

2014இல் கலிபோர்னியா நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அதுவரை கிணறு தோண்டியவர் இறைப்பதை மாநில அளவில் வரம்பிட்ட சட்டம் இல்லை. மெண்டோட்டாவுக்கு அருகே ஒரு மின்கம்பத்தில் 1925, 1955, 1977 என்று ஆண்டுகளை அடையாளமிட்டு எடுத்த நிழற்படம் புகழ் பெற்றது. 1925இன் தரைமட்டம் கம்பத்தில் நிற்பவரின் தலைக்கு வெகு மேலே, ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்கரன் நகரும் இவ்வாறே தாழ்ந்துகொண்டிருக்கிறது. தாழ்ந்த ஊரைக் காக்க 2017இல் வெள்ளக்கரையை உயர்த்தினர். 2023இல் மறுபடியும் உயர்த்த நேர்ந்தது. துலேரி உட்படுகையை மாநில நீர் வாரியம் 2024 ஏப்ரலில் தன் நேரடிக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது. மூன்று நூல்களும் மேற்பரப்பு நீரைப் பற்றியே விரிவாகப் பேசுவன. கிணற்றுக்குக் காவியம் எழுதுவது கடினம்; அங்கே அணையும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை.

2023ஆம் ஆண்டு வசந்தத்தில் ஏரி திரும்பி வந்தது. அதைக் காண நான் சென்றிருந்தேன். சாலை நேராகச் சென்று நீருக்குள் மறைந்தது. மின்கம்பங்கள் வரிசையாக நீரில் நின்றன, பறவைகள் இரைச்சலிட்டன. கரையின் உட்புறத்தில் நகரும் அதன் இரண்டு சிறைச்சாலைகளும் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து கிடந்தன. எந்தக் கரையை உடைப்பது, யாருடைய வயலை மூழ்கவிடுவது என்ற பூசல் அவ்வாண்டும் எழுந்தது. 1969ஐச் சொன்ன டக்ளஸ் இதனை வியந்திருக்கமாட்டார். டாச்சி யோகட் மக்கள் பாஆஷியின் கரைக்கு வந்து சடங்கு செய்து, பாடி வரவேற்றனர். ஒரே நீரை ஒரு சாரார் பேரிடர் என்றும் இன்னொரு சாரார் திரும்பி வந்த உறவு என்றும் அழைத்த அந்த மாதங்களைப் பற்றி இன்னும் ஒரு நல்ல நூல் எழுதப்பட வேண்டும்.

சால்யர் தீர்ப்பில் ஒரு சிறு வாக்கியம் உண்டு. வட்டத்தின் மக்கள்தொகை 77, அவர்களுள் குழந்தைகள் 18, பெரும்பாலோர் அந்நான்கு நிறுமங்களில் ஒன்றன் ஊழியர் என்பது அதன் செய்தி. வட்டம் எவ்வளவு ஆளில்லாத இடம் என்று காட்டுவதற்காக நீதிமன்றம் அதனைக் குறித்தது. அந்த 18 பேரும் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பர். தீர்ப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை.